பாட் நிரல்கள் நம் அரட்டையைப் படிக்குமா?

டிஸ்கார்ட் குழுக்களில் (சர்வர்களில்) இயங்கும் பாட் நிரல்களைப் பெரும்பாலும் எழுதுபவர்கள் வெளியாட்கள். வாக்கெடுப்பு நடத்த வந்த நிரலுக்கு எல்லோருடைய பேச்சும் எதற்கு? அதனால்தான் 2022 செப்டம்பரில் டிஸ்கார்ட் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எப்படி? 100-க்கு மேற்பட்ட சர்வர்களில் இயங்கும் பாட், செய்திகளைப் படிக்கத் தனி அனுமதி பெற வேண்டும். இல்லையேல், செய்தி வந்த தகவல் மட்டும் அதற்குப் போகும். உள்ளடக்கம் காலியாக இருக்கும். பாட் நிரலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட செய்திகளுக்கும், அதற்குத் தனியாக அனுப்பியவற்றுக்கும் விலக்கு உண்டு.

டெலிகிராம் குழுக்களிலும் இத்தகைய தடை இயல்பாகவே உண்டு. ஆனால், பாட் நிரலை நிர்வாகியாக்கினால் அது எல்லாவற்றையும் படிக்கும். தேவையின்றி அந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.