ஈட்டி ஏந்திய சிறுமியும் எட்டு உயிர்களும்

பெண்மக்களுக்கு நாம் வழிவழியாகச் சொல்லிவரும் கதைகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே! அரக்கனின் கோட்டையில் சிறைப்பட்டுக் கிடப்பவள் இளவரசி. ஏழு கடல் தாண்டி வந்து அவளை மீட்பவன் இளவரசன். கண்ணீர் வடிப்பதும் காத்திருப்பதுமே அவளுடைய பங்கு.

இக்குறையைப் போக்கும் வகையில், போர்க்கலை பயிலும் சிறுமியரைப் பற்றிய சாகசக் கதைகள் இன்று பல மொழிகளிலும் வெளிவருகின்றன. வரவேற்கத்தக்க மாற்றந்தான். ஆயினும், அவற்றுட் பல, ஆணின் கையிலிருந்த வாளைப் பெண்ணின் கைக்கு மாற்றியதோடு நின்றுவிடுகின்றன. வெட்டுண்டு வீழ்ந்தவன் யார்? அவனுக்கும் ஒரு வீடு இருந்ததா? அவன் வரவை எதிர்நோக்கி எவரேனும் வாயிலில் நின்றனரா? இவ்வினாக்களை அக்கதைகள் எழுப்புவதில்லை.

இவற்றைத் தயங்காமல் எழுப்பிய சிறார் நூல் வரிசையொன்று ஜப்பானிய மொழியில் உண்டு. அதனை எழுதியவர் நஹோகோ உவேஹாஷி என்னும் பெண்மணி. 1962இல் டோக்கியோவில் பிறந்த இவர் மானிடவியல் அறிஞர். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே சென்று ஆய்வு செய்தவர். இவ்வரிசையின் முதல் நூலான ‘ஆவியின் காவலர்’ 1996இல் வெளிவந்தது. முதன்மைக் கதை பத்து நூல்களாக வளர்ந்து 2007இல் நிறைவெய்தியது. முதல் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பிறமொழியிலிருந்து வரும் சிறந்த சிறார் நூலுக்கென அமெரிக்காவில் வழங்கப்படும் பாட்செல்டர் விருதினை 2009இல் பெற்றது. சிறார் இலக்கியத்தின் மிக உயர்ந்த சிறப்பாகக் கருதப்படும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 2014இல் உவேஹாஷியைத் தேடி வந்தது.

ஆறு வயதில் தொடங்கிய ஓட்டம்

கதையின் நாயகி பால்சா, கன்பால் என்னும் கற்பனை மலைநாட்டில் பிறந்தவள். அவளுடைய தந்தை அரண்மனை மருத்துவர். அரியணையின் மீது ஆசை கொண்ட அரசனின் தம்பி, அம்மருத்துவரை அழைத்து, அரசனுக்கு நஞ்சு கொடுக்குமாறு பணிக்கிறான். மறுத்தால் மகள் உயிரோடிருக்க மாட்டாள் என்று மிரட்டுகிறான். மகளுக்காக அவர் அக்கொடுமைக்கு உடன்படுகிறார். ஆனால், உண்மை அறிந்த தம்மையும் தம் மகளையும் புதிய மன்னன் விட்டுவைக்க மாட்டான் என்பதை உணர்ந்து, தம் நண்பரான ஜிகுரோவிடம் குழந்தையை ஒப்படைக்கிறார்.

ஜிகுரோ அந்நாட்டின் தலைசிறந்த ஈட்டி வீரர். நண்பனின் மகளுக்காகப் பதவி, புகழ், சுற்றம் அனைத்தையும் துறந்து, ஆறு வயதுச் சிறுமியோடு நாட்டை விட்டு வெளியேறுகிறார். துரோகி என்ற பெயர் மட்டுமே அவருக்குப் பின்னால் அந்நாட்டில் எஞ்சுகிறது.

ஓடிக்கொண்டே வாழும் அவ்வாழ்க்கையில்தான் பால்சா ஈட்டி பயில்கிறாள். அதில் பொழுதுபோக்கும் இல்லை, பெருமையும் இல்லை. தாம் மறைந்தாலும் இக்குழந்தை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்னும் கவலையே ஆசானின் நெஞ்சில் நிற்கிறது. பதின்மூன்று வயதுப் பால்சாவின் நாட்களைத் தனியே சொல்லும் சிறுகதைத் தொகுப்பொன்றையும் உவேஹாஷி 2008இல் வெளியிட்டார்.

வெற்றியின் விலை

தப்பியோடியவர்களைக் கொல்ல மன்னன் வீரர்களை அனுப்புகிறான். வந்தவர்கள் அந்நியர் அல்லர். ஜிகுரோவோடு பயின்று வளர்ந்த தோழர்கள். மன்னனின் ஆணையை மீற முடியாமல் வந்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேர் வருகின்றனர். எட்டுப் பேரும் ஜிகுரோவின் கையாலேயே மடிகின்றனர். தன் ஓருயிருக்காக எட்டு உயிர்கள் போனதைக் கண்டே அச்சிறுமி வளர்கிறாள்.

சாதாரணச் சாகசக் கதை இவ்விடத்தில் கைதட்டலை எதிர்பார்க்கும். இந்நூலோ வாசிக்கும் சிறாரைத் தலைகுனிந்து சிந்திக்க வைக்கிறது. எட்டு உயிர்களுக்கு ஈடாக எட்டு உயிர்களைக் காப்பேன் என்று பால்சா உறுதி பூணுகிறாள். முதல் நூலில் நாம் அவளைச் சந்திக்கும்போது அவளுக்கு வயது முப்பது. கூலிக்குக் காவல் புரியும் வீராங்கனை. எதிரியை வீழ்த்தும் ஆற்றல் இருந்தும், கூடுமானவரை உயிரைப் போக்காமல் போரிடுபவள்.

வேற்றுலக நீராவியொன்றின் முட்டையைத் தன் உடலில் சுமக்கும் சிறுவன் ஒருவனைக் காக்கும் பொறுப்பு அவளிடம் வருகிறது. அவன் ஓர் இளவரசன். அவனைக் கொல்ல முயல்பவனோ பெற்ற தந்தையாகிய பேரரசனே! அரச குலத்தின் முதல்வன் நீரில் வாழ்ந்த அரக்கனை வென்றதாக நாட்டின் வரலாறு கூறுகிறது. அக்குலத்துப் பிள்ளையையே நீராவி பற்றியது வெளியில் தெரிந்தால் அரியணையின் புனிதம் கெடும் என்பது அவனது அச்சம். மகனை ஒப்படைத்துக் காப்பாற்றுமாறு வேண்டுபவள் தாய்.

இங்கு ஆசிரியர் ஒரு நுட்பமான உண்மையை வைக்கிறார். சிறுவனைக் காக்க ஈட்டி மட்டும் போதவில்லை. மூலிகை அறிந்த தாண்டா என்னும் இளைஞனின் மருத்துவமும், தொரொகை என்னும் மூதாட்டியின் அறிவும் தேவைப்படுகின்றன. அரசவை எழுதிவைத்த வரலாறு மறைத்ததை, அம்மண்ணின் பழங்குடி மக்களின் நினைவில் எஞ்சியவற்றிலிருந்து மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. பழங்குடி மக்களிடையே ஆய்வு செய்தவரின் அனுபவம் இங்கே பயன் தருகிறது.

ஆசானும் மனிதரே

1999இல் வெளிவந்த இரண்டாம் நூலில், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பால்சா பிறந்த மண்ணுக்குத் திரும்புகிறாள். நோயால் இறந்துவிட்ட ஜிகுரோவின் மீது படிந்த பழியைத் துடைப்பது அவள் நோக்கம். ஆனால் அங்கே வேறொன்றையும் அவள் எதிர்கொள்கிறாள். தன்னை உயிரினும் மேலாக வளர்த்தவரின் உள்ளத்தில், இக்குழந்தையால் அன்றோ என் தோழரைக் கொல்ல நேர்ந்தது என்னும் ஆறாத சினமும் இருந்திருக்கிறது! அன்பும் அச்சினமும் ஒரே நெஞ்சில் வாழ்ந்தன. இதனைச் சிறாரிடமிருந்து மறைக்க உவேஹாஷி முற்படவில்லை. குழந்தைகளின் அறிவை மதிக்கும் எழுத்தாளரின் இலக்கணம் இது.

தம் பொருட்டுப் பெற்றோர் எதையெல்லாம் இழந்தனர் என்பதைப் பிள்ளைகள் ஒருநாள் அறியத்தான் செய்கின்றனர். அவ்வறிவு குற்ற உணர்வாய் உறைந்துவிடாமல் நன்றியாய்க் கனிவதற்குத் துணை தேவை. நல்ல கதை அத்துணையாக அமைகிறது.

தாய்மார்களே! சண்டைக் கதை படித்தால் பெண்பிள்ளை முரடாகிவிடுவாள் என்று அஞ்சி நூலைப் பறித்து வைக்க வேண்டியதில்லை. எத்தகைய கதை என்பதை மட்டும் பாருங்கள். இயன்றால் உடனமர்ந்து படியுங்கள். கதை முடிந்ததும், “இவள் எத்தனை பேரைத் தோற்கடித்தாள்?” என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். “எத்தனை பேரைக் காப்பாற்றினாள் என்று எண்ணிச் சொல் பார்ப்போம்” என்று அவளிடமே திருப்பிக் கேளுங்கள். அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்குவாள்.