பத்துப் பேருக்கு இரண்டு இருக்கை

2025 மார்ச் 21ஆம் திகதி காலை, கட்டுநாயக்கவிலிருந்து பயிற்சிக்குப் புறப்பட்ட விமானப்படையின் கே-8 ஜெட் ஒன்று வாரியபொலப் பக்கம் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த பயிற்றுநரும் பயிலுநரும் பரசூட்டில் குதித்து உயிர் தப்பினார்கள். அந்தச் செய்தி வந்த கையோடு கற்பிட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் மாணவர். விபத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “பறக்கும் பயிற்சியை முடித்த ஒருவர் போர் விமானி ஆவதற்கு நிகழ்தகவு எவ்வளவு?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

கற்பிட்டிப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. விமானப்படையின் வான்வழிச் சூட்டுப் பயிற்சித் தளம் அந்தத் தீபகற்பத்தில்தான் இருக்கிறது. ஜெட்டின் ஓசை வேறு ஊர்களில் வேறு நினைவைக் கிளப்பும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போர் விமானத்தைக் குறிக்கும் ‘கிபிர்’ என்ற சொல் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறைக்கு அச்சத்தின் பெயர். அந்த நினைவை ஒதுக்கிவிட்டு இதை எழுதவில்லை. ஆனால் மாணவர் கேட்டது ஒரு கணக்கு, அதற்குக் கணக்காகவே பதில் சொல்ல வேண்டும்.

இணையத்தில் இதற்கு உடனே விடை கிடைக்கும். கனவு காண், உடலைத் தேற்று, கண்ணைப் பார்த்துக்கொள், விடாமுயற்சி இருந்தால் வானம் உனது என்று பின்னணி இசையோடு காணொளிகள் சொல்லும். சிலவற்றில் ஒரு சதவீதமும் பெரிய எழுத்தில் வரும். எந்த நாட்டில், எந்த ஆண்டில், யாரிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பது மட்டும் இருக்காது. விண்ணப்பித்த எல்லோரிலிருந்தும் எண்ணினால் விகிதம் மிகச் சிறியது. பறக்கத் தொடங்கியவர்களிலிருந்து எண்ணினால் அது கூடும், பயிற்சியை முடித்தவர்களிலிருந்து எண்ணினால் இன்னும் கூடும். ஆள் ஒருவர்தான், விகிதம் மூன்று. பகுதி எண்ணைச் சொல்லாத சதவீதத்தை நம்பாதீர்கள்.

உடல் தகுதியையும் இந்தக் காணொளிகள் மிகைப்படுத்துகின்றன. கூர்மையான திருப்பத்தில் குருதி தலையை விட்டுக் கீழிறங்குவதும் பார்வை சாம்பல் நிறமாக மங்குவதும் உண்மை. ஆனால் கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி அதைத் தாங்குவதைக் கற்றுக்கொள்ள முடியும், அதற்கென்று அழுத்த உடையும் உண்டு. தவிர, சேர்வதற்கான மருத்துவச் சோதனை பயிற்சிக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். நம் மாணவர் கேட்பது அதற்குப் பிந்திய கட்டத்தை.

அந்தக் கட்டத்தில் நடப்பது இதுதான். திருகோணமலை சீனக்குடாவில் உள்ள விமானப்படை அக்கடமியில் செஸ்னா 150, பிரி-6 போன்ற சிறு விமானங்களில் எல்லோரும் ஒன்றாகப் பறக்கப் பழகுகிறார்கள். பிறகு பாதை மூன்றாகப் பிரிகிறது. சிலர் ஹெலிகொப்டருக்கும் சிலர் போக்குவரத்து விமானத்துக்கும் சிலர் ஜெட்டுக்கும் போகிறார்கள். ஜெட் பாதையில் போகிறவரே கே-8இல் ஏறுகிறார். யார் எங்கே என்பதில் புள்ளிகளுக்கும் பயிற்றுநரின் மதிப்பீட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் எத்தனை பேர் எங்கே என்பதைப் படையின் தேவை தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் காணொளிகள் தவறிப்போகின்றன.

முதலில் ‘யார்’. ஓர் அணியில் பத்துப் பேர் பயிற்சி முடித்திருக்கிறார்கள், ஜெட்டுக்கு இரண்டு இடம் என்று கற்பனை செய்துகொள்வோம். நம் மாணவர் கெட்டிக்காரர். இப்படிப் பயிற்சி முடிப்பவர்களில் பத்துக்கு ஒருவர்தான் அவரை விஞ்சக்கூடியவர் என்று வைப்போம். அப்படியானால் இடம் நிச்சயம் என்றுதான் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அணியில் மற்றவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் அவரைவிடக் குறைந்தவராக இருக்க நிகழ்தகவு 0.9. ஒன்பது பேருமே குறைந்தவர்களாக இருக்க, 0.9ஐ ஒன்பது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.39. அவர் அணியில் முதலாவதாக வருவதற்கான வாய்ப்பு இவ்வளவுதான்.

இனி, ஒருவர் மட்டும் அவரை முந்தி அவர் இரண்டாவதாக வருவதற்கான வாய்ப்பைப் பார்ப்போம். முந்துகிறவர் ஒன்பது பேரில் யாராகவும் இருக்கலாம் என்பதால் 9. அவர் முந்துவதற்கு 0.1. மீதி எட்டுப் பேரும் பின்தங்க 0.9இன் எட்டாம் அடுக்கு. ஒன்பதையும் 0.1ஐயும் பெருக்கினால் 0.9 வருகிறதல்லவா? அது அந்த எட்டோடு சேர்ந்து மீண்டும் 0.9இன் ஒன்பதாம் அடுக்காகிவிடுகிறது! முதல் விடையும் இரண்டாம் விடையும் அச்சொட்டாக ஒன்றே. இதை முதன்முதலில் தாளில் கண்டபோது எனக்கு வந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. இதன் பொருள் என்ன? இருக்கை ஒன்றானால் 39 சதவீதம், இரண்டானால் 77 சதவீதம். மாணவர் ஒரு மணிநேரம்கூட அதிகம் பறக்கவில்லை, ஒரு புள்ளிகூட அதிகம் எடுக்கவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு வெற்றிடம் கூடியதும் அவருடைய வாய்ப்பு சரியாக இருமடங்காகிவிட்டது.

அணி சிறியதாக இருப்பதும் அவரைப் பாதிக்கிறது. அதே ஐந்துக்கு ஒன்று விகிதத்தில், ஐம்பது பேர் கொண்ட அணிக்குப் பத்து இடம் என்று வைத்தால் இதே மாணவருக்கு வாய்ப்பு 98 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். பெரிய கூட்டத்தில் திறமை தன் இடத்தைக் கண்டுகொள்ளும். சிறிய நாட்டின் சிறிய அணியில் அருகே அமர்ந்திருப்பவர் யார் என்ற தற்செயலும் சேர்ந்தே தீர்ப்பு எழுதுகிறது. தவறவிட்டவர் திறமையில்லாதவர் என்று ஊர் பேசுவது அநியாயம்.

இனி ‘எத்தனை’. இதற்கு, கற்பிட்டியையும் சேர்த்த புத்தளத்துக்காரருக்கு உப்பளத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. பாலாவிப் பக்கம் போனால் விமானப்படையின் ஓடுபாதையும் உப்புப் பாத்திகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தும்போது செறிவு ஏறுகிறது. செறிவை அளக்கும் போமே மானியில் 25 பாகையைத் தொடுவதற்கு வெகு முன்பே ஜிப்சம் படிந்து பிரிந்துவிடும். 25ஐத் தாண்டிய நீரைக் கடைசிப் பாத்தியில் தேக்கினால்தான் உப்புப் பூக்கும். முன்பாத்தியில் பிரிந்த ஜிப்சத்தைக் கழிவு என்று யாரும் சொல்வதில்லை. ஜிப்சம் இல்லாமல் சீமெந்து இல்லை என்பது சீமெந்துத் தொழிற்சாலை உள்ள புத்தளத்துக்குத் தெரியும். ஹெலிகொப்டருக்குப் போன விமானியும் அப்படித்தான். வெள்ளத்தில் கூரைமேல் நிற்கும் குடும்பத்தைத் தூக்க வருகிறவர் அவர். கடைசிப் பாத்தியிலும் நீரை அளவுக்கு மிஞ்சி நிறுத்தக்கூடாது, 30 பாகையை நெருங்கினால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். போர் விமானியையும் வயது ஏற ஏற அதே இருக்கையில் வைத்திருக்க முடியாது. இவ்வளவும் பொருந்தும்போது மழையும் பொருந்தத்தான் வேண்டும். பருவம் தப்பிய மழையால் விளைச்சல் கெட்டு 2025இல் இந்தத் தீவு உப்பை இறக்குமதி செய்தது. அத்தனை மாதச் செறிவும் சில நாள் மழையில் கரைந்துபோகிறது. ஒரு விமானம் விழும்போதும் அப்படித்தான், பல பேரின் வரிசை கலைகிறது.

உப்பளத்தில் முதல் பாத்திக்கு எவ்வளவு நீர் பாய்ச்சினாலும், கடைசிப் பாத்தியை வாரி எடுக்காமல் அடுத்த நீரை விட முடியாது. இதற்கான சூத்திரத்தை 1961இல் நிறுவியவர் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர். உள்ளே இருப்போர் எண்ணிக்கை என்பது ஆண்டுக்கு நுழைவோரை ஒவ்வொருவரும் தங்கும் ஆண்டுகளால் பெருக்கியது, அவ்வளவுதான். 1,300 பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் ஒவ்வொருவரும் 13 ஆண்டு படித்தால் முதலாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் 100 பேர்தான். ஆயிரம் பெற்றோர் வாசலில் நின்றாலும் அந்த நூறு மாறாது. போர் விமான ஸ்குவாட்ரனுக்கும் இதே கணக்குத்தான். இருக்கைகளைத் தங்கும் ஆண்டுகளால் வகுத்தால் வருவதே ஆண்டு வெற்றிடம்.

வரலாற்றையும் கொஞ்சம் தொட்டே ஆக வேண்டும், இந்தக் கணக்கின் கடுமை அங்கேதான் தெரிகிறது. இரண்டாம் உலகப்போரில் புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு ‘ரஜாலிய’ என்ற பெயரில் ஒரு விமானத் தளம் இருந்தது. சேற்று நிலத்தில் கோர்செயர் போர் விமானங்களை யானை கட்டி இழுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் படங்களைச் சுவைத்துவிட்டுப் போகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பயிற்சி முடித்த இளைஞருக்குப் போர் விமானம் எளிதில் கிடைத்த காலம் அது. தொழிற்சாலைகள் விமானங்களைப் பெருக்கின. விமானிகளோ இருக்கையில் நெடுநாள் தங்கவில்லை, பலர் திரும்பியே வரவில்லை. தங்கும் காலம் சுருங்கினால் நுழைவு கூடும். சூத்திரத்துக்கு அந்த ஆண்டுகள் ஏன் சுருங்கின என்று தெரியாது.

எதிர்த் திசையிலும் அது நடந்திருக்கிறது. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்கத் தளம் தாக்கப்பட்டபோது கிபிர்களோடு கே-8 பயிற்சி ஜெட்களும் அழிந்தன. அன்றைக்குப் பயிற்சியில் இருந்த ஒருவரின் வாய்ப்பு, அவர் தூங்கி எழுவதற்குள் மாறிவிட்டது. பெரிய நாடுகளும் தப்பவில்லை. இந்திய விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டெம்பர் 26இல் சண்டிகரில் கடைசி மிக்-21கள் ஓய்வுபெற்றதும் கையில் இருந்தது 29. புதிய விமானம் வரத் தாமதமாகும் ஒவ்வொரு ஆண்டும், பயிற்சிக் களத்தில் இருக்கும் யாரோ ஒருவர் இடம் கிடைக்காத காரணத்தைத் தன் மதிப்பெண்ணில் தேடிக்கொண்டிருப்பார்.

இனி மாணவரின் கேள்விக்கு வருகிறேன். ஐந்து கிபிர்களை மேம்படுத்த 2021இல் இஸ்ரேலிய நிறுவனத்துடன் சுமார் 5 கோடி டொலர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இனி வருபவை என் ஊகங்கள், விமானப்படையின் எண்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 150 மணி பறந்தால் மொத்தம் 750 மணி. நேட்டோ நாடுகளில் ஒரு போர் விமானிக்கு ஆண்டுக்கு 180 மணி என்பார்கள். அதன்படி நான்கு பேருக்குத்தான் போதும். மணியைக் குறைத்து எட்டுப் பேரை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எட்டு ஆண்டு இருக்கிறார்கள் என்றே தாராளமாகக் கொள்வோம்.

எட்டை எட்டால் வகுத்தால், தம்பி, ஆண்டுக்கு ஓர் இடம். பத்துப் பேர் கொண்ட அணியில் அந்த ஒன்று உங்களுக்குக் கிடைக்க, நீங்கள் பத்தில் ஒன்பது பேரைவிடச் சிறந்தவராக இருந்தாலும், நாம் மேலே கண்ட அதே 39 சதவீதம். கிபிர் அல்லாத ஜெட் இருக்கைகளும் இருந்தால் அது கூடும். எத்தனை என்று கேட்க வேண்டிய இடம் நேர்முகத் தேர்வு. உங்கள் கண்பார்வையைப் பற்றி அவர்கள் கேட்டு முடித்ததும், இந்த ஆண்டு எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது என்று நீங்கள் கேளுங்கள்.