அலையும் எண்ணும் – 14: ஐம்பதா, ஐம்பத்தொன்றா?

நைக்விஸ்ட் விதியைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம்: அலையின் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் மேலாக மாதிரி எடுத்தால் அலை தப்பாது. வரைபடத்துக்கு அது போதுமா என்பதுதான் இந்த வாரப் பேச்சு. அதற்கு முன் ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும்.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை ஒரு நொடிக்கு வரைய, பைத்தானில், சம இடைவெளியில் புள்ளிகள் தரும் நம்பையின் லின்ஸ்பேஸுக்கு 0, 1 என்று மட்டும் கொடுங்கள். எத்தனை புள்ளி என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது 50 என்று வைத்துக்கொள்ளும். சைன் மதிப்பைக் கணக்கிட்டு வரைந்து பாருங்கள். ஐம்பது மேடும் ஐம்பது பள்ளமும் வர வேண்டிய இடத்தில் ஒரே மேடு, ஒரே பள்ளம்! பாடப்புத்தகப் படம் போல வழவழவென்று இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

காரணம், வேலிக்கு 50 கல் நட்டால் இடைவெளி 49தான். ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் அலை ஒரு முழுச் சுற்றும், மேலே 49-இல் ஒரு பங்கும் சுற்றிவிடுகிறது. முழுச் சுற்றை சைன் கண்டுகொள்ளாது. மிஞ்சிய பங்குகள் 49-ம் சேர்ந்தால் சரியாக ஒரு சுற்று. 50 ஹெர்ட்ஸ் 1 ஹெர்ட்ஸாக வேஷம் கட்டி வந்துவிட்டது. இதுதான் ஏலியாசிங்.

புள்ளியை 51 ஆக்குங்கள். இப்போது ஒவ்வொரு புள்ளியிலும் அலை சுழியத்தில் நிற்கும். திரையில் தெரியும் கோணல்மாணல் எல்லாம் 10-இன் அடுக்கு மைனஸ் 14 அளவிலான கணக்கீட்டுப் பிழை. 52 ஆக்குங்கள்: மறுபடி அழகான ஒற்றை அலை, ஆனால் தலைகீழாக! ஒரு புள்ளி கூடக் கூட நேர், தட்டை, தலைகீழ். மின்சாரம் மட்டும் மாறவே இல்லை.

இந்த 50-க்கு சிடியிலும் பங்கு உண்டு. டிஜிட்டல் ஒலியை முதலில் வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். வரிக்கு 3 மாதிரி. ஐரோப்பிய டிவியில் நொடிக்கு 50 புலம் (பாதிப் படம்), புலத்துக்குப் பதிவுக்கு எடுத்தது 294 வரி. அமெரிக்க, ஜப்பானிய டிவியில் 60 புலம், 245 வரி. பெருக்கிப் பாருங்கள், இரண்டுமே 44,100! மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸின் இரு மடங்கையும் அது தாண்டுகிறது. 1982-இல் வந்த சிடி அந்த எண்ணையே எடுத்துக்கொண்டது.

சிடி பிளேயரில் மாதிரிகளுக்கு நடுவே வளைவை மீட்டுத் தர வடிகட்டி இருக்கிறது. வரைபட நிரலோ புள்ளிகளை நேர்கோட்டால் இணைப்பதோடு சரி. ஆகவே நைக்விஸ்ட் எல்லை படத்துக்குப் போதாது. சுற்றுக்கு 10 புள்ளி வைத்தால் உச்சியில் ஏறக்குறைய 5 சதவீதம் வரை வெட்டுப்படும். 20 வைத்தால் 1.2 சதவீதம். நான் சொல்வது 20. புள்ளி எண்ணிக்கையை நிரலின் விருப்பத்துக்கு விடாதீர்கள். அதிர்வெண்ணை 20-ஆல் பெருக்கி நீங்களே எழுதுங்கள். நம் மின்சாரத்துக்கு நொடிக்கு 1,000 இடைவெளி, 1,001 புள்ளி.

600 பிக்சல் அகலத் திரையில் 1,001 புள்ளி எங்கே உட்காரும்? அது அடுத்த வாரம்.