சொந்த ஊர் டிரான்ஸ்பருக்கு விலை சீனியாரிட்டி! ரெயில்வே ஊழியர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மதுரை,

ரெயில்வே வேலை கிடைத்தும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் தனியாக சமைத்து சாப்பிடும் தமிழக ஊழியர்கள் ஏராளம். எப்போது டிரான்ஸ்பர் கிடைக்கும் என்பதுதான் அவர்கள் வீட்டில் தினமும் பேச்சு. ஆனால் கேட்டு வாங்கும் டிரான்ஸ்பருக்கு ஒரு விலை உண்டு. அதன் விவரம் வருமாறு:-

தெற்கு ரெயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என 6 கோட்டங்கள் உள்ளன. வேறு ரெயில்வேயில் இருந்து இங்கு வர 2 வழிகள் இருக்கின்றன.

கடைசி வரிசை

முதல் வழி, சொந்த விருப்ப மாறுதல். இதில் புதிய இடத்தில் அதே கிரேடில் ஏற்கனவே இருக்கும் எல்லோருக்கும் கீழேதான் பெயர் வரும். ஊழியர்கள் இதை 'பாட்டம் சீனியாரிட்டி' என்பார்கள். வடக்கே 8 வருஷம் வேலை பார்த்த டிராக்மேன் மதுரைக்கு வந்தால், போன வருஷம் இங்கு சேர்ந்த பையன்கூட அவருக்கு சீனியர்தான். அடுத்த பதவி உயர்வில் பையனுக்குத்தான் முதல் வாய்ப்பு.

பதவி உயர்வு பெற்ற பிறகு கேட்டால் சிக்கல் இன்னும் அதிகம். நேரடியாக ஆள் எடுக்காத கிரேடில் இருப்பவர், நேரடி ஆள் எடுக்கும் கீழ் கிரேடுக்கு இறங்கி வர சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆளுக்கு ஆள்

இரண்டாவது வழி, 'மியூச்சுவல்' எனப்படும் பரஸ்பர மாறுதல். ஒரே பதவியில் உள்ள இருவர் இடம் மாற்றிக்கொள்ளலாம். இதில் கடைசி வரிசைக்கு போக வேண்டியதில்லை. ஆனால் இருவரில் யாருடைய சீனியாரிட்டி குறைவோ அதுதான் கிடைக்கும். 2012-ல் அந்த கிரேடுக்கு வந்தவரும் 2016-ல் வந்தவரும் மாறினால், 2012-காரருக்கு 4 வருஷம் போச்சு. 2016-காரருக்கு நஷ்டம் இல்லை. எனவே ஜோடி தேடும்போது எதிராளி எந்த வருஷம் என்பதை முதலில் கேட்க வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்டு விண்ணப்பித்தபின் பின்வாங்க முடியாது.

போகாதது எது?

சீனியாரிட்டி போனாலும் பார்த்த சர்வீஸ் போகாது. பழைய வருஷங்கள் ஓய்வு கால பலன்களுக்கு கணக்கில் வரும். ஆனால் கேட்டு வாங்கிய டிரான்ஸ்பர் என்பதால் சாமான் ஏற்றும் லாரி வாடகையை சொந்தக் காசில்தான் கொடுக்க வேண்டும்.

மனு கொடுத்ததும் டிரான்ஸ்பர் வந்துவிடாது. போக நினைக்கும் கோட்டத்தில் காலி இடமும் ஒப்புதலும் வேண்டும். ஆர்டர் வந்தாலும், மாற்று ஆள் இல்லை என்று 'ரிலீவ்' செய்யாமல் இழுத்தடிப்பதும் உண்டு.

மனு போட்ட அன்றே சீனியாரிட்டி போய்விடாது, புதிய இடத்தில் சேரும்போதுதான் போகும். ஆகவே ஊருக்கு வரத்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், வேலையில் சேர்ந்த ஆரம்ப வருஷங்களிலேயே மனு போடுவது நல்லது. அப்போது இழக்கும் வருஷங்கள் குறைவு. பதவி உயர்வை நெருங்கியவர்கள், வீட்டில் கலந்து பேசி கணக்கு பார்த்த பிறகே கையெழுத்து போட வேண்டும்.