உங்களுக்குத் தெரியுமா? முந்திரிப் பழத்தின் இரு முகங்கள்

விருத்தாசலத்தைச் சூழ்ந்த தோப்புகளில் கொட்டைக்காகவே வளர்க்கப்படும் முந்திரியின் பழந்தான், கோவாவில் பிழிந்து நொதிக்கவைத்து வடிக்கப்பட்டு, 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற ‘பெனி’ என்னும் மதுவாகிறது.

• தாவரவியலின்படி முந்திரிப் பழம் கனியன்று, சதைப்பற்றுடன் பருத்த பூக்காம்பு. உண்மையான கனி அதன் அடியில் தொங்கும் கொட்டையே.

• ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கொண்டிருந்தும், விழுந்த ஓரிரு நாளிலேயே நீர்விட்டு அழுகத் தொடங்குவதால், கொட்டையைத் திருகி எடுத்தபின் பழத்தின் பெரும்பகுதி மரத்தடியிலேயே வீணாவது வருந்தத்தக்கது.

• மதுரையில் 1999 நவம்பர் 14 அன்று தொடங்கி மாநிலமெங்கும் பரவிய உழவர் சந்தைகளில், விளைவித்தவரே வாடகையும் தரகுமின்றி நேரடியாக விற்கலாம் என்பதால், விடியலில் பொறுக்கிய பழத்தை அன்றே விற்றுத் தீர்க்க அவையே தக்க இடம்.