வல்லநாட்டுத் தண்ணீர்

1909ஆம் ஆண்டுத் தூத்துக்குடியில் ஒரு துறைமுக நகரத்துக்கு வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே இருந்தன. 1876இலேயே ரயில் வந்துவிட்டது. கொழும்புக்குக் கப்பல் போய்வந்தது. ஹார்வி கம்பெனியின் கோரல் மில் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, பருத்தி மூட்டைகளைத் தோணிகளில் ஏற்றி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குடிக்க நல்ல தண்ணீர் மட்டும் இல்லை.

தென்மேற்குப் பருவமழையைப் பொதிகை மலை வாங்கிக்கொள்கிறது. தூத்துக்குடிக்குக் கிடைப்பது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழைதான், அதுவும் கொஞ்சம். கரைமண்ணில் கிணறு தோண்டினால் உப்பு. இந்த வறண்ட காற்றும் வெயிலும்தான் உப்பளங்களை வாழவைத்தன. உப்பு விளையும் ஊரில் குடிதண்ணீருக்கு வெளியூரைத்தான் பார்க்க வேண்டும். தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகால், கடைசியில் வந்து சேருவது நகருக்கு வெளியே இருக்கும் கோரம்பள்ளம் குளத்தில். வழியில் உள்ள வயல்களுக்கெல்லாம் பாய்ந்த பிறகு மிச்சமிருப்பதே அங்கே வரும்.

முத்துக்குளிப்புக் காலம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். கடலடிப் பார்களில் சிப்பி விளைந்திருக்கிறது என்று அறிவிப்பு வந்ததும் குளியாள்கள், படகுக்காரச் சம்மாட்டிகள், வியாபாரிகள், வட்டிக்காரர்கள் என்று பல ஊர்க் கூட்டமும் கரையில் இறங்கும். எடுத்த சிப்பியைக் கரையிலேயே அழுகவிட்டு முத்துப் பொறுக்குவார்கள். இவ்வளவு பேருக்கும் குடிநீர் பற்றாத இடத்தில் காலரா வந்தால் ஒதுங்கப் போக்கிடம் கிடையாது.

அந்த 1909ஆம் ஆண்டில்தான் குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவரானார். 1869 நவம்பர் 15இல் தூத்துக்குடிப் பரதர் குடும்பத்தில் பிறந்தவர்; அப்போது நாற்பது வயது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்திருந்தார்கள். ஊர் அடிபட்டுக் கிடந்த நேரம். வ.உ.சி. அரசை எதிர்த்து நின்றார். குரூஸ் பர்னாந்து அரசின் அமைப்புக்கு உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். ராவ் பகதூர் பட்டமும் வாங்கினார். இந்தப் பட்டத்தைக் காட்டி அவரைக் குறைத்துப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் ஊரின் மானத்துக்காகச் செக்கிழுத்தார், மற்றவர் ஊரின் தாகத்துக்காக அலுவலக வாசல்களில் ஏறி இறங்கினார். இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நினைப்பதே தவறு.

1909க்கும் 1927க்கும் இடையில் ஐந்து முறை அவர் தலைவராக இருந்தார். இன்றைக்கு மாநகராட்சி மேயர் என்றால் கைக்குள் துறைகள், பொறியாளர்கள், கோடிகளில் நிதி எல்லாம் உண்டு. அன்றைய நகராட்சித் தலைவருக்கு வரி வசூலில் கிடைக்கும் சொற்பப் பணமும், சென்னைக்குக் கடிதம் எழுதும் உரிமையும்தான் பெரிய ஆயுதங்கள். ஆற்றுத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரும் திட்டம் என்றால் மதிப்பீடு தயாராக வேண்டும், அதிகாரிகள் ஒப்ப வேண்டும், பணத்துக்கு வழி காட்ட வேண்டும். ஓரிடத்தில் காகிதம் நின்றால் ஒரு வருடம் போகும். நடுவே முதல் உலகப் போர் வந்து போனது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புக்குப் போகும் பயணிகள் தனுஷ்கோடி வழியாகப் போகத் தொடங்கினார்கள். தூத்துக்குடி தன் கப்பல் பயணிகளை இழந்தது. கைக்கு வந்த வருமானம் நழுவும் ஊரில் பெரிய செலவுத் திட்டம் ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பதற்கு எத்தனை பிடிவாதம் வேண்டும்!

திட்டம் கைகூடும்வரை சும்மா இருக்க முடியுமா? கடம்பூரிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து ஊருக்கு வழங்க அவர் ஏற்பாடு செய்ததை இன்றும் தூத்துக்குடியில் வயதானவர்கள் சொல்வார்கள். ரயில் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்த தலைமுறை அது.

1927இல் வல்லநாட்டில் தாமிரபரணித் தண்ணீரை எடுத்துக் குழாய் வழியாகத் தூத்துக்குடிக்குக் கொண்டுவரும் திட்டம் நிறைவேறியது. 1901 கணக்கெடுப்பின்போது 28 ஆயிரம் பேர் மட்டுமே இருந்த ஊர் அது. ஆற்றங்கரையே இல்லாத ஒரு கடற்கரை நகரம் முதன்முதலாக ஆற்றுத் தண்ணீரைத் தெருவில் பிடித்தது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள்தான் அவர் இருந்தார். 1930 மார்ச் 26இல் இறந்தார்.

இன்றைய தூத்துக்குடியை அவரால் அடையாளம் காண முடியுமா என்பது சந்தேகம். பனிமய மாதா கோவில் இருக்கிறது. 1982இல் அதற்குப் பசிலிக்கா தகுதியும் கிடைத்தது. முத்துக்குளிப்பு இல்லை. 1955இல் மீண்டும் தொடங்கிய குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. பார்களில் சிப்பி பிறகு அந்த அளவில் விளையவில்லை. 1973இல் தூத்துக்குடி ஆய்வாளர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள், ஆனால் கரையில் கூட்டம் கூடும் அந்தப் பழைய திருவிழா திரும்பவில்லை. சங்குகுளிப்பவர்கள் மட்டும் இன்னும் கடலுக்குள் இறங்குகிறார்கள். ஆழமில்லாக் கரையில் தோணிகளை நம்பியிருந்த துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாகி, 2011இல் வ.உ.சி.யின் பெயரைப் பெற்று, இப்போது ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது. 2008இல் நகராட்சி மாநகராட்சியானது.

தண்ணீர் மட்டும் இன்றும் அதே ஆற்றிலிருந்துதான் வருகிறது. அவர் போட்ட குழாய் போதாமல் அடுத்தடுத்துக் குழாய்கள் போட்டு, நான்காவது குழாய்த் திட்டம் வரை வந்திருக்கிறோம். அனல்மின் நிலையமும் ஆலைகளும் வந்த பிறகு ஆற்றில் பங்கு கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். வீட்டுக் குடத்துக்கு, தொழிற்சாலைக்கு, ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கருகும் பயிருக்கு, யாருக்கு முதலில் என்ற வழக்கு நீதிமன்றப் படி ஏறியது. தண்ணீர் கொண்டுவருவது எப்படி என்பது குரூஸ் பர்னாந்து காலத்துக் கேள்வி. வந்த தண்ணீரைப் பங்கிடுவது எப்படி என்பது நம் காலத்துக் கேள்வி, இன்னும் கடினமானது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதே கோரம்பள்ளம் குளம் உடைந்து நகருக்குள் பாய்ந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் நிற்க, மாவட்டத்தின் பல குடிநீர்த் திட்டங்கள் முடங்கி, மக்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டுக் கை நீட்டினார்கள். பல நாட்களுக்கு லாரித் தண்ணீரும் பாட்டில் தண்ணீரும்தான். குழாய் திறந்தால் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையை நாம் எவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அந்த வாரம்தான் உறைத்தது.

ஆற்றின் கதை இன்னொரு வேதனை. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணி தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே ஓடுகிறது. அண்டை மாநிலத்தைக் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாத ஆறு அது. அதில் திருநெல்வேலிக் கழிவுநீர் கலக்கும் இடங்களை 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் நேரிலேயே வந்து பார்த்தார்கள். அதற்குக் கீழேதான் வல்லநாடு இருக்கிறது. மேலே விட்டது கீழே வந்து சேராமல் எங்கே போகும்?

குரூஸ் பர்னாந்தை ஊர் மறந்துவிடவில்லை. தூத்துக்குடியின் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள். சிலை இருக்கிறது, அண்மையில் அரசு மணிமண்டபமும் கட்டியது. பரதர் சமூகத்தார் நெடுங்காலம் விடாமல் கேட்டுப் பெற்றது அது. அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் அவரை ஒரு சமூகத்தின் பெரியவராக மட்டும் பார்ப்பதில் எனக்கு வருத்தமுண்டு. வல்லநாட்டுக் குழாய் எந்தத் தெருவில் எந்தச் சாதி என்று கேட்டு ஓடவில்லை. பழையகாயல் பக்கமிருந்து பிழைக்க வந்தவருக்கும், உப்பளத்தில் கூலிக்குப் போனவருக்கும், மில் தொழிலாளிக்கும் அதே தண்ணீர்தான்.

மணிமண்டபத்தில் அவர் உருவம் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளின் நகராட்சித் தீர்மானங்கள், சென்னைக்குப் போய்வந்த கடிதங்கள், முதல் குழாய்ப் பாதையின் வரைபடம், திட்டச் செலவுக் கணக்கு ஆகியவற்றைத் தேடி எடுத்துப் பிரதி போட்டு அங்கே வைக்க வேண்டும். ஒரு வேலையை எப்படி விடாமல் முடித்தார் என்று பிள்ளைகள் படித்துப் பார்க்கட்டும். பள்ளிகள் அவர்களை வல்லநாட்டுக்கு அழைத்துப் போய், ஆறு எங்கே குழாய்க்குள் நுழைகிறது என்று காட்டலாம். அங்கிருந்து திருநெல்வேலிப் பக்கம் போய், அதில் என்ன கலக்கிறது என்பதையும் காட்டலாம். அவர் பிறந்த நவம்பர் 15 அதற்கு ஏற்ற நாள். வடகிழக்கு மழை பிடித்து, ஆறு பெருகியிருக்கும் நேரம் அது.