சுத்தமான வாயுவில் பொங்கும் நுரை

சாப்பாட்டுக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் வெள்ளைப் போலிஸ்டிரீன் டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமே தெரியாது. உருகிய பிளாஸ்டிக்கை வாயுவால் பொங்கவைத்து, அப்படியே உறையவிட்ட நுரை அது. எந்த வாயுவால் பொங்கவைத்தார்கள் என்பது முக்கியமான கேள்வி.

முன்பு இதற்குக் குளோரோ ஃபுளோரோ கார்பன்களைப் பயன்படுத்தினார்கள். அவை ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்ததும், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் கடிவாளம் போட்டது. மாற்றாக வந்தவற்றில் சில பூமியைச் சூடாக்கின. பென்டேன் எளிதில் தீப்பிடித்தது. கரியமில வாயுவுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. அது தீப்பற்றாது, ஓசோனைக் கெடுக்காது. மற்ற ஆலைகள் வெளியேற்றுவதையே பிடித்துப் பயன்படுத்தலாம். புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை.

இந்த வாயு 31.1 டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால் 'சூப்பர்கிரிட்டிக்கல்' நிலையை அடைகிறது. அப்போது திரவம்போல் அடர்ந்திருக்கும், வாயுபோல் எங்கும் ஊடுருவும். அந்த வெப்பம் மலேசியாவின் பெக்கான் நானாஸ் ஊரில் நண்பகலிலேயே கிடைத்துவிடும். கிடைக்காதது அழுத்தம்தான்: நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 73 மடங்கு வேண்டும்.

அந்த அழுத்தத்தில் வாயு, உருகிய பிளாஸ்டிக்குக்குள் கரைந்து அதை இளக்குகிறது. பிறகு அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உள்ளே எண்ணற்ற குமிழிகள் கிளம்பும். பிளாஸ்டிக் ஆறி இறுகும்போது குமிழிகளும் அதில் சிறைப்படும். அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ, குமிழிகள் அவ்வளவு பொடியாகவும் நெருக்கமாகவும் அமையும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் நாம் சூவின் குழுவினர் வளர்த்தெடுத்த நுண்ணறை நுரையில், ஒரு குமிழி ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர்தான். பிளாஸ்டிக் மிச்சமாகும், வலுவும் பெரிதாகக் குறையாது.

போலிஸ்டிரீன் நுரைத் தகட்டை முழுக்கக் கரியமில வாயுவாலேயே பொங்கவைத்ததற்காக, டவ் கெமிக்கல் நிறுவனம் 1996-இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது.

ஆனால் வாயு சுத்தமானாலும் போலிஸ்டிரீன் மக்காது. சாக்கடையில் விழுந்தால் அடைத்துக்கொண்டு கிடக்கும். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பாலிலாக்டிக் அமிலத்தையும் இதே முறையில் நுரையாக்கலாம். அது மக்கவும், சூடு குறையாத பெரிய உரக்கிடங்கு வேண்டும்.

ஆகவே ஆலைகள் வாயுவை மாற்றட்டும். ஊராட்சிகள் குப்பையைப் பிரித்து வாங்கட்டும். நாம் கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்தே பாத்திரம் எடுத்துப்போவோம்.